கரும்புத் தோட்டத்துக்கு அப்பால்: கயானாவின் விடுதலை

தென்னமெரிக்கா என்றவுடன் நம் சிற்றிதழ் வாசகர்களுக்கு மார்க்வெஸும் போர்ஹேஸும் நெருதாவும் நினைவுக்கு வருவர். விடுதலை என்றால் சிமோன் பொலிவார். ஆனால் அக்கண்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட, வீராசாமி, நாகமுத்து என்னும் பெயர்கள் இன்றும் வழங்கும் நாடொன்று உண்டு. கயானா என்பது அதன் பெயர். அதன் விடுதலை வரலாற்றை நாம் போதிய அளவு பேசியதில்லை.

டச்சுக்காரர் வசமிருந்த எஸ்ஸெக்கிபோ, டெமராரா, பெர்பிஸ் ஆகிய மூன்று குடியேற்றங்களும் 1814இல் முறைப்படி ஆங்கிலேயருக்குக் கைமாறின. 1831இல் பிரிட்டிஷ் கயானா என ஒன்றாயின. அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்கர்கள் 1838 ஆகஸ்டில் முழு விடுதலை பெற்றனர். அவர்கள் இனிக் கூலிக்குப் பேரம் பேசுவார்கள் என்றஞ்சிய முதலாளிகள் முன்கூட்டியே இந்தியாவின் பக்கம் திரும்பியிருந்தனர். அவ்வாண்டு மே 5ஆம் நாளே கல்கத்தாவிலிருந்து இரு கப்பல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன.

1845 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். அக்காலத்தில் இங்கே துறைமுகம் இல்லை. மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிச் சென்றே கப்பலேற வேண்டும். கோட்டூர்புரத்தில் குடியிருக்கும் நமக்கு அக்கடற்கரை வெகுதொலைவன்று. 1917இல் இம்முறை நிறுத்தப்படும்வரை கயானா சென்ற ஏறத்தாழ 2,39,000 இந்தியரில் சென்னை வழிச் சென்றோர் சுமார் 15,000 பேர். அவர்களின் தமிழ் பேச்சுமொழியாக நிலைக்கவில்லை. மாரியம்மன் வழிபாடும் தப்பும் நிலைத்தன.

‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலில் பாரதி ஃபிஜித் தீவுப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்தார். நம் இலக்கிய நினைவு பெரும்பாலும் அக்கண்ணீரோடு நின்றுவிட்டது. தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் பின்னர் என்ன செய்தார்கள் என்று நாம் கேட்கவில்லை.

1948 ஜூன் 16ஆம் நாள் என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது காவலர் சுட்டதில் ஐவர் மாண்டனர். தோட்ட மேஸ்திரி ஒருவரின் மகனும் பல் மருத்துவருமான செட்டி ஜகன், அவர்களை அடக்கம் செய்த இடத்தில், தம் வாழ்வை இம்மக்களுக்கு ஒப்படைப்பதாக உறுதி பூண்டார். அவர் வட இந்திய வழிவந்தவர். ஆப்பிரிக்க வழிவந்த வழக்கறிஞர் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமும் அவரும் 1950இல் மக்கள் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினர். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த 1953ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 24 இடங்களில் 18ஐ வென்றது. பிரிட்டன் படைகளை அனுப்பி, அரசமைப்பை முடக்கி, 133 நாட்களில் அவ்வாட்சியைக் கலைத்தது.

1955இல் இரு தலைவர்களும் பிரிந்தனர். கொள்கை வேறுபாடாகத் தொடங்கிய பிளவு இனப் பிளவாகக் கெட்டிப்பட்டது. ஒருவர் கூலியைக் குறைக்க மற்றவரை இறக்குமதி செய்த பழைய ஏற்பாடு அதற்கு உரமிட்டது. இன்னொரு கியூபா உருவாகிவிடும் என்றஞ்சிய அமெரிக்காவும் மறைமுகமாகத் தலையிட்டது. 1962 முதல் 1964 வரை கலவரங்களில் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைக் கொன்றனர். விகிதாசார முறையில் நடந்த 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜகன் கட்சி 53இல் 24 இடங்களைப் பெற்று முதலிடத்தில் நின்றும், கூட்டணி அமைத்த பர்ன்ஹாமே ஆட்சியேறினார். 1966 மே 26ஆம் நாள் கயானா விடுதலை பெற்றபோது கொடி ஒன்றாக இருந்தது. மக்கள் இரண்டாக இருந்தனர். நேர்மையான தேர்தலில் ஜகன் அதிபராக 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விம் என்னும் சிற்றூரில் பிறந்த தமிழ் மரபினரான மோசஸ் வீராசாமி நாகமுத்து, ஆப்பிரிக்க வழியினர் பெரிதும் ஆதரித்த அணியோடு கைகோத்து, 2015 முதல் 2020 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்தார். அங்கே ‘மதராஸிகள்’ எனப்படும் தம் மக்களின் வாழ்வைப் பற்றி 2000ஆம் ஆண்டில் அவர் ‘ஹென்ட்ரீஸ் க்யூர்’ என்னும் நாவலையும் வெளியிட்டார். கொலம்பியாவின் மகோந்தாவைத் தமிழில் வாசித்து மகிழ்ந்த நாம், விம் கிராமத்தையும் தமிழில் வாசிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.