மன்னன் இறக்கலாம், ஆட்டக்காரர் இறப்பதில்லை: விண்வெளி வியூக விளையாட்டுகளில் அரசுரிமை

ஒரு பேரரசு தன் அரசனின் மரணத்தைக் கடந்து எவ்வாறு வாழ்கிறது என்பது அரசியல் வரலாற்றின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. இன்று கல்லூரி மாணவர் பலர் அரசு, பேரரசு, ஆட்சிமுறை ஆகியவை பற்றிய முதல் உருவகங்களைப் பாடநூல்களிலிருந்து மட்டுமன்றிக் கணினி விளையாட்டுகளிலிருந்தும் பெறுகின்றனர். ஆகவே, விண்மீன்களுக்கிடையே பேரரசு கட்டும் வியூக விளையாட்டுகள் அரசுரிமையை எவ்வாறு கையாள்கின்றன என்று வினவுவது வரலாற்றியலுக்குப் புறம்பான செயலன்று. என் கருத்தைச் சுருக்கமாக முன்வைக்கிறேன். இவ்விளையாட்டுகள் அரசனை வைத்துக்கொண்டு அரசுரிமைச் சிக்கலை நீக்கிவிட்டன. அந்நீக்கத்தினுள் அரசு பற்றிய ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. அக்கோட்பாடு வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்தவில்லை.

இவ்வகை விளையாட்டுகளுக்கு 'ஃபோர் எக்ஸ்' என்ற பெயர் 1993-இல் ஏற்பட்டது. 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்னும் விளையாட்டை அறிமுகம் செய்த ஆலன் எம்ரிக் என்னும் எழுத்தாளர் தேடல், விரிவாக்கம், சுரண்டல், ஒழிப்பு ஆகிய நான்கு செயல்களைக் குறிக்க இச்சொல்லை ஆக்கினார். இந்நான்கனுள் 'ஆள்தல்' இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அவ்விளையாட்டில் தொடக்கத்தில் ஆட்டக்காரர் சூட்டும் பெயரே நூற்றாண்டுகள் கடந்தும் பேரரசரின் பெயராக நிற்கிறது. இதற்கு முன்னோடியான 'சிவிலைசேஷன்' (1991) கி.மு. 4000-இல் தொடங்கும்போதே காந்தியை இந்தியாவின் தலைவராக அமர்த்தியது. அவர் விண்கலம் புறப்படும் காலம் வரை அதே பதவியில் இருந்தார். இங்கே தலைவர் என்பவர் ஒரு மனிதரல்லர்; ஒரு நாட்டின் முகவடிவம் மட்டுமே.

1999-இல் வெளிவந்த 'ஆல்ஃபா சென்டாரி' இம்மரபின் முரணை வேறெதைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுகிறது. ஐக்கிய நாடுகள் அனுப்பிய 'யூனிட்டி' என்னும் விண்கலம் புதிய கோளை நெருங்கும் வேளையில் அதன் தலைவர் கார்லண்ட் படுகொலை செய்யப்படுகிறார். அவருக்குப் பின் கட்டளையிடும் உரிமை யாருக்கு என்பதில் உடன்பாடு இல்லாமையால் கலத்திலிருந்தோர் ஏழு பிரிவுகளாக உடைகின்றனர். அதாவது, அரசுரிமை நெருக்கடி ஒன்றிலிருந்தே கதை பிறக்கிறது. ஆனால் கோளில் கால் பதித்த கணத்திலிருந்து அந்நெருக்கடி மீண்டும் நேர்வதில்லை. ஏழு தலைவர்களும் தலைமுறைகளைக் கடந்து ஆள்கின்றனர். அவர்களுள் ஒருவர் பிரவின் லால் என்னும் இந்தியர். ஐக்கிய நாடுகளின் சாசனத்தையும் மக்களாட்சியையும் காப்பவராகச் சித்தரிக்கப்படுபவர். அவரும் பதவி விலகுவதில்லை. இதற்கு விளையாட்டு ஓர் அறிவியல் சமாதானமும் வைத்திருக்கிறது. நீளாயுள் தடுப்பூசி, மருத்துவ அமரத்துவம் என்ற பெருந்திட்டங்கள் அதில் உண்டு. இரண்டாவதை முடிக்கும் பிரிவுக்குக் கோள் பேரவையின் தலைமைத் தேர்தல்களில் வாக்கு இரட்டிப்பாகிறது. சாகாமை அரசியல் ஆதாயமாக மாறும் இவ்விதியில் ஆக்கியோரின் அங்கதம் தெரிகிறது எனலாம்.

தலைவர்களுக்கு மரணத்தை வழங்கியது 2016-இல் சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டெல்லாரிஸ்'. 2200-ஆம் ஆண்டில் தொடங்கும் இவ்விளையாட்டில் ஆள்வோர் மூப்படைகின்றனர், இறக்கின்றனர். 2017-க்குப் பின் நிலைபெற்ற அமைப்பின்படி மக்களாட்சியில் பத்தாண்டுக்கு ஒருமுறையும் சிலவராட்சியில் இருபதாண்டுக்கு ஒருமுறையும் தேர்தல் நடைபெறும். தனியாட்சியில் ஆள்பவர் இறந்த பின்னரே அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படுவார். முடியாட்சியில் வாரிசு ஒருவர் காத்திருப்பார். பார்வைக்கு இது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வழங்கிவரும் ஆட்சிவகைப் பாகுபாட்டின் ஒழுங்கான மறுபதிப்பு.

ஆனால் மன்னன் இறக்கும்போது நடப்பது யாது? திரையில் ஓர் அறிவிப்புச் சாளரம் தோன்றுகிறது. வாரிசு அரியணை ஏறுகிறார். முந்தையவரின் தனித்திறன்கள் தந்த சில விழுக்காட்டு ஆதாயங்கள் மறைந்து வேறு சில தோன்றுகின்றன. கருவூலமும் கடற்படை போன்ற விண்படையும் இம்மியளவும் அசைவதில்லை. வாரிசின் தம்பியர் எங்கோ ஒரு கோளில் படைதிரட்டுவதில்லை. தளபதிகள் எவர் பக்கம் நிற்பது என்று தயங்குவதில்லை. மக்களாட்சியிலும் இதே நிலைதான். தொடக்கப் பதிப்புகளில் ஆட்டக்காரர் செல்வாக்குப் புள்ளிகளைச் செலவிட்டுத் தாம் விரும்பும் வேட்பாளரை ஆதரிக்கலாம். அவர் தோற்றாலும் ஆட்டக்காரரின் கையிலிருந்து எதுவும் பறிபோவதில்லை. தேர்தலில் தோற்கக் கூடிய எவரும் அங்கே உண்மையில் ஆளவில்லை.

2017-இல் 'யூட்டோபியா' என்னும் விரிவாக்கம் கூட்டுமனம் என்ற புதிய ஆட்சிவகையைச் சேர்த்தது. ஓரினத்தின் அனைத்து உயிர்களும் ஒரே அறிவின் உறுப்புகள். ஆளும் மனத்துக்கு மரணமில்லை. தேர்தலும் வாரிசும் தேவையில்லை. பலர் இதனை விளையாட்டின் விசித்திரமான விதிவிலக்காகக் கருதுவர். கூர்ந்து நோக்கின், இதுவே அவ்விளையாட்டின் பொதுவிதி. குடியரசு, பேரரசு என்ற உடைகளைக் களைந்துவிட்டால் ஆட்டக்காரர் நடத்தும் ஒவ்வோர் அரசும் கூட்டுமனமே. ஒரே சித்தம், சிதறாத நினைவு, முடிவற்ற ஆயுள்.

இடைக்கால ஐரோப்பிய அரசியல் சிந்தனையைப் பயின்றோர்க்கு இவ்வமைப்பு பழக்கமானது. எர்ன்ஸ்ட் கான்டோரோவிச் 1957-இல் வெளியிட்ட 'மன்னரின் இரு உடல்கள்' என்னும் நூல், டியூடர் காலச் சட்டவறிஞர்கள் மன்னருக்கு இரண்டு உடல்கள் உண்டெனக் கொண்டதை விளக்குகிறது. ஒன்று பிறந்து நோயுற்று இறக்கும் இயற்கை உடல். மற்றொன்று மூப்பும் மரணமும் அற்ற அரசியல் உடல். வியூக விளையாட்டில் திரையிலுள்ள மன்னன் இயற்கை உடல். திரைக்கு வெளியிலுள்ள ஆட்டக்காரர் அரசியல் உடல். டியூடர் சட்டவறிஞர்கள் வாதங்களால் நிறுவ முயன்ற ஒன்றை விளையாட்டு ஒரு விசைப்பலகையால் நிறுவிவிடுகிறது.

இக்கோட்பாடு எத்துணை உழைப்பின் விளைவு என்பதை மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் மன்னனின் ஆட்சி முடிசூட்டு நாளிலிருந்தே கணக்கிடப்பட்டுவந்தது; இடைப்பட்ட நாட்களில் அரசனின் அமைதி என்பது சட்டப்படி யாருடையது என்ற ஐயம் நிலவியது. 1272-இல் மூன்றாம் ஹென்றி இறந்தபோது மகன் எட்வர்டு சிலுவைப் போருக்குச் சென்றிருந்தார். அவர் திரும்ப 1274 ஆயிற்று. எனவே தந்தையின் அடக்க நாளிலிருந்தே அவர் ஆட்சி தொடங்கியதாகக் கொள்ளப்பட்டது. பிரான்சில் 1547-இல் முதலாம் பிரான்சிஸ் இறந்தபோது அவருடைய உருவப்பாவைக்கு உயிருள்ள மன்னனுக்குப் போலவே உணவு படைத்தனர். அரசனில்லாத இடைவெளி அத்துணை அச்சம் தந்தது. ஓர் அறிவிப்புச் சாளரம் ஒரு நொடியில் கடக்கும் இடைவெளியைக் கடக்க ஐரோப்பியச் சட்டமும் சடங்கும் நூற்றாண்டுகளைச் செலவிட்டன.

இவ்விடைவெளியை அடைக்க முயலாத அரசுகளும் இருந்தன. முகலாயப் பேரரசில் மூத்த மகனுக்கே முடி என்ற விதி கிடையாது. அரச குருதியுடைய ஒவ்வோர் ஆண்மகனும் உரிமையாளனே. 1657 செப்டம்பரில் ஷாஜகான் நோயுற்றார். அவர் இறக்கவில்லை, இறந்திருக்கலாம் என்ற ஐயமே போதுமானதாயிற்று. வங்காளத்தில் ஷுஜாவும் குஜராத்தில் முராதும் தம்மை அரசர்களாக அறிவித்துக்கொண்டனர். தக்காணத்திலிருந்து ஔரங்கசீப் புறப்பட்டார். 1658-இல் தர்மத், சாமூகர் ஆகிய களங்களில் தாராவின் தரப்பு தோற்றது; 1659-இல் தாரா கொல்லப்பட்டார். ஷாஜகானோ ஆக்ரா கோட்டையில் 1666 வரை உயிரோடிருந்தார். இயற்கை உடல் வாழ்ந்துகொண்டிருக்க, அரசியல் உடல் அதை விட்டு நீங்கி மகனிடம் சென்றுவிட்டது. கான்டோரோவிச் விவரித்த கோட்பாட்டின் தலைகீழ் வடிவம் இது.

இப்போர்களை முகலாய அமைப்பின் பலவீனம் என்று கொள்வதே நெடுங்காலப் பாடநூல் மரபு. முனிஸ் ஃபாரூக்கி 2012-இல் வெளியிட்ட முகலாய இளவரசர்கள் பற்றிய நூல் இதனை மறுத்துரைக்கிறது. அரியணைப் போட்டி ஒருநாள் வந்தே தீரும் என்பதை அறிந்த இளவரசர் ஒவ்வொருவரும் பல்லாண்டுக் காலம் தமக்கெனப் பரிவாரம் அமைத்தனர். நண்பர்களையும் கடன் கொடுப்போரையும் தேடினர். அரசவைக்கு அதுவரை அணுக்கமில்லாத வட்டாரத் தலைவர்களையும் குழுக்களையும் தம் பக்கம் சேர்த்தனர். வெல்பவர் எவராயினும் அவ்வலைப்பின்னல்கள் பேரரசுக்குள் வந்து சேர்ந்தன. போட்டியே அரசை மக்களுக்குள் வேரூன்றச் செய்தது. இளவரசர்களின் ஆற்றல் குன்றியதும் பேரரசின் ஆற்றல் குன்றியதும் தொடர்புடையன என்பது அவர் முடிவு. இதன் எல்லாக் கூறுகளையும் ஏற்க வேண்டியதில்லை. எனினும், அரசுரிமை என்பது முன்பே கட்டி முடிக்கப்பட்ட அரசுக்கு நேரும் விபத்தன்று, அரசு கட்டப்படும் வழிகளுள் அதுவும் ஒன்று என்ற அடிப்படை நோக்கு வலுவானது.

விண்வெளி விளையாட்டுகள் தவறவிடுவது இதைத்தான். அங்கே அரசு முதல் நாளிலேயே முழுமையாக இருக்கிறது. பின்னர் அது அளவில் மட்டுமே வளர்கிறது. யார் எவருக்கு ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்ற வினா எழுவதில்லை. ஆகவே அரசன் மாறும்போது மீண்டும் பேசித் தீர்க்க வேண்டிய உடன்பாடு எதுவும் அங்கில்லை.

விளையாட்டு வடிவத்தால் இதனைக் காட்ட இயலாது என்று சொல்வதற்கில்லை. ஸ்டெல்லாரிஸின் முதல் இயக்குநரான ஹென்ரிக் ஃபோரியஸே 2012-இல் வெளியான 'க்ரூசேடர் கிங்ஸ் 2' விளையாட்டையும் உருவாக்கியவர். அதில் ஆட்டக்காரர் ஒரு நாட்டை ஆள்வதில்லை. ஒரு குலத்தில் பிறந்த மனிதரை ஏற்கிறார். அம்மனிதர் இறந்தால் வாரிசின் உடலில் ஆட்டம் தொடர்கிறது. பங்கீட்டு முறை நிலவினால் நேற்றுவரை தம்முடையதாயிருந்த நிலம் தம்பியருக்குப் பிரிகிறது. அத்தம்பியர் இன்று பகைவர். குலத்தில் வாரிசே இல்லையெனில் ஆட்டம் முடிந்துவிடும். ஒரே கை இவ்விரண்டையும் ஆக்கியிருப்பதால், விண்வெளியில் அரசுரிமை எளிதாக்கப்பட்டது அறியாமையால் அன்று, தேர்வால் என்பது உறுதியாகிறது. இடைக்காலம் குடும்பங்களின் காலம், எதிர்காலமோ அமைப்புகளின் காலம் என்ற வரலாற்றுப் பகுப்பு அத்தேர்வின் பின்னணியில் இருக்கிறது. 'ஸ்டார் டைனஸ்டீஸ்' (2021) போன்ற சிறு முயற்சிகள் குலங்களையும் வாரிசுகளையும் விண்மீன்களுக்கிடையே கொண்டுசென்றது, இப்பகுப்பு கட்டாயமானதன்று என்பதைக் காட்டுகிறது.

விளையாட்டின் நோக்கம் இன்பம். பல மணி நேரம் உழைத்துக் கட்டிய பேரரசு ஒரு மரணத்தால் சிதறுவதை எவரும் விரும்பார் என்பது நியாயமான மறுமொழி. ஆனால் தாம் கட்டியது தம் மரணத்தால் சிதறிவிடக்கூடும் என்ற அச்சத்தில்தான் வரலாற்றிலிருந்த ஒவ்வோர் அரசனும் வாழ்ந்தான். அவன் அளித்த நிலக்கொடைகள், செய்த மணவுறவுகள், எழுப்பிய கல்லறைகள், கொன்ற உடன்பிறந்தார் என யாவும் அவ்வச்சத்தின் நிழலில் எழுந்தவை. 1595-இல் மூன்றாம் மெஹ்மத் உதுமானிய அரியணை ஏறியபோது தம் பத்தொன்பது சகோதரரைக் கொல்லச் செய்தார். 1617-இல் முதலாம் அகமதின் மரணத்துக்குப் பின் முடி மகனுக்குச் செல்லாமல் தம்பிக்குச் சென்றது. விதி மாறியபோது அரண்மனையின் வாழ்வே மாறியது. அச்சத்தை நீக்கிவிட்டால் இச்செயல்கள் பொருளற்ற கொடுமைகளாகவும் ஆடம்பரங்களாகவும் மட்டுமே தெரியும்.

வகுப்பறையில் இவ்விளையாட்டுகளைப் பேச விரும்பும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். எந்த விளையாட்டாயினும், எந்த வரலாற்று நூலாயினும், அதில் இறக்காமல் இருப்பவர் யார் என்று தேடுங்கள். விளையாட்டில் அவர் ஆட்டக்காரர். நூல்களில் அவர் பெரும்பாலும் 'அரசு' என்ற சொல்லாக இருப்பார்; 'முகலாய அரசு விரும்பியது', 'பேரரசு முடிவு செய்தது' என்று நாமே எழுதும் தொடர்களின் எழுவாயாக இருப்பார். கூட்டுமனத்தை ஸ்டெல்லாரிஸ் மட்டும் கற்பனை செய்யவில்லை. நம் ஆய்வேடுகளிலும் அது குடியிருக்கிறது.