இணையவழி அழைப்பு

குரலைச் சிறு தரவுப் பொட்டலங்களாக்கி இணையத்தின் வழியே அனுப்பும் தொலைபேசி முறை. தூரத்துக்குக் கட்டணம் இல்லை. செலவாவது தரவு மட்டுமே, குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட்டுக்குள்.

இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் இது வரம்புகளுடன் அனுமதிக்கப்பட்டது. 2003இல் ஸ்கைப் வந்தது. 2015இல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு பரவியது. எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்தபடி பேசிய பதற்றம் இன்று இல்லை. சாத்தூர் அருகே வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடியில், ஆடிக் கடைசி வெள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டார் மாரியம்மன் கோயில் திருவிழாவைக் காணொளி அழைப்பிலேயே காட்டிவிடலாம். பணமிச்சத்தைவிடப் பெரிய பேறு இது.

வெளிநாடு செல்வோர் ஊர் சிம்மின் ரோமிங் தரவை அணைத்துவிட்டு, வைஃபையோ உள்ளூர் சிம்மோ கொண்டு பேசுவதே சிக்கனம். பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப் இயங்கும். ரோமிங்கில் சாதாரண அழைப்பை எடுத்தாலும் காசு போகலாம்.

எல்லா நாட்டிலும் இணையவழி அழைப்பு எளிதன்று. சவூதி அரேபியா அதன்மீதான தடையை 2017 செப்டம்பரில்தான் தளர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளையே நாட வேண்டும்.