சிறுநீர்க் குப்பி சொல்லாத சேதி

நம்ம ஊர்ல வெட்டைன்னு சொல்ற கொனோரியாவுக்கு டெஸ்ட் எடுக்க ஒரு ஆண் லேபுக்குப் போனால் கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுப்பார்கள். சிறுநீர் பிடித்துக் கொடுத்தால் வேலை முடிஞ்சது. ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நிம்மதி. அந்த நிம்மதியை என்னைப் போன்ற ஒரு கே ஆண் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. கொஞ்ச நாளாக அதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் எளிமையானதுதான். கொனோரியாவும் கிளமிடியாவும் உடம்பில் எங்கே தொற்றுகிறதோ அங்கேயே குடியிருக்கும். தொண்டையில் தொற்றினால் தொண்டையில், ஆசனவாயில் தொற்றினால் அங்கே. பெரும்பாலும் வலியோ எரிச்சலோ இருக்காது. அங்கே இருக்கிற கிருமி சிறுநீரில் எப்படித் தெரியும்?

இதை 1970களிலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அப்போது ஓரினச் சேர்க்கை குற்றம். 1973 டிசம்பர் வரை அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் அது நோயும்கூட. எந்த இடத்தில் பார்க்கணும்னு டாக்டரிடம் சொல்வதும், என்ன செய்தேன் என்று ஒப்புக்கொள்வதும் ஒன்றுதான். யார் வாயைத் திறப்பார்கள்? அதனால் தாங்களே கிளினிக் வைத்துக்கொண்டார்கள். 1973இல் வாஷிங்டனில் ஒரு லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் ஒன்று தொடங்கியது. 1974இல் சிகாகோவில் கே மருத்துவ மாணவர்கள் சிலர் சேர்ந்து இன்னொன்றைத் தொடங்கினார்கள். பிறகு அதற்கு ஹோவர்ட் பிரவுன் பெயர் வைக்கப்பட்டது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறைக்குத் தலைமை வகித்தவர் அவர், 1973இல் தன்னை கே என்று வெளிப்படையாக அறிவித்தவர்.

1960களின் நடுவில் தேயர், மார்ட்டின் என்ற இருவர் உருவாக்கிய ஒரு வளர்ப்பு ஊடகமும் இந்த மாதிரி பரிசோதனைக்குக் கைகொடுத்தது. தொண்டையிலும் மலக்குடலிலும் ஏற்கெனவே ஆயிரம் கிருமிகள் இருக்கும். அந்த ஊடகத்தில் கலந்த ஆன்டிபயாடிக் மற்றவற்றை அடக்கிவிட்டு, கொனோரியாவை மட்டும் வளரவிடும். ஆக, ஸ்வாபை எங்கே வைக்கணும் என்று கேட்கத் தெரிந்தவர் இருந்தால் போதும், கிருமி மாட்டிக்கொள்ளும்.

1985 மார்ச்சில் எச்ஐவி ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தபோது பயம் வேறு மாதிரி வந்தது. மருந்து கிடையாது (ஏஇசட்டி வந்ததே 1987இல்). பாசிட்டிவ் என்று தெரிந்தால் வேலை போகலாம், இன்சூரன்ஸ் போகலாம். டெஸ்டே எடுக்காதீங்கன்னு கே அமைப்புகளிலேயே பலர் சொன்னார்கள். அதனால்தான் பெயர் கேட்காமல் ஒரு எண்ணை மட்டும் கொடுக்கிற மையங்கள் வந்தன. என் கணிப்பில், ஆய்வகக் கருவிகளுக்குச் சமமான கண்டுபிடிப்பு அந்த எண்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1990களில் கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கும் புதிய டெஸ்டுகள் வந்தன. சிறுநீரே போதும், ஸ்வாப் குத்தல் இல்லை. எல்லாருக்கும் சௌகரியம். ஆனால் அவற்றுக்கு அனுமதி வாங்கியபோது தொண்டையும் ஆசனவாயும் விடுபட்டுப் போயின. அங்கிருந்து எடுத்த மாதிரியைச் சோதிக்க விரும்பிய லேப், தானே தனியாகச் சரிபார்ப்பு செய்து காட்டணும். எத்தனை லேப் மெனக்கெடும்? தொழில்நுட்பம் முன்னால் போக, கே ஆண்களுக்கான பரிசோதனை பின்னால் போனது.

அதன் விலையை 2005இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ ஆய்வு ஒன்று காட்டியது. கே, இருபாலீர்ப்பு ஆண்களைப் பரிசோதித்ததில் கிளமிடியா தொற்றுகளில் 53 சதவீதமும், கொனோரியாவில் 64 சதவீதமும் சிறுநீர்க் குழாய்க்கு வெளியே இருந்தன. ஆசனவாய்த் தொற்றுகளில் சுமார் 85 சதவீதத்துக்கு அறிகுறியே இல்லை. குப்பியை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த இரண்டு இடங்களுக்கான டெஸ்டுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது 2019 மே மாதத்தில்தான்.

இங்கே கதை என்ன? 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 377வது பிரிவை முடக்கியது. நான்கே நாளில், செப்டம்பர் 10 அன்று, எச்ஐவி சட்டம் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் எச்ஐவி டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்கிறது அது. சட்டம் மாறிவிட்டது. கவுன்டர் மாறவில்லை. சென்னையில் ஒரு தனியார் லேபில் தொண்டை ஸ்வாப் வேணும்னு கேட்டேன். “சளியா சார்?” என்றார் அந்தப் பெண். இல்லைங்க, கொனோரியாவுக்கு என்றேன். லிஸ்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அதுக்கு யூரின்தான் சார் இருக்கு” என்றார். அவர் பேரில் தப்பில்லை, லிஸ்டில் இல்லாததை அவர் எங்கே போய்க் கொடுப்பார்.

எச்ஐவி டெஸ்டுக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, காசு கிடையாது. சிபிலிஸுக்கு ரத்தம் போதும். மற்ற இரண்டுக்குத்தான் வாயைத் திறந்து இடத்தைச் சொல்லிக் கேட்கணும். ஆசனவாய் ஸ்வாபை நாமே எடுத்துக் கொடுக்கலாம், டாக்டர் எடுப்பதற்கு அது குறைவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. முதலில் அந்த ஸ்வாபை வாங்கிக்கொள்ளும் லேப் கிடைக்கணும்.