ஒரு மாலைக்குக் கிடைத்த மேடை: சென்னை சபா நாடகத்தின் அரங்கியல்

சென்னை சபா நாடகத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதன் வசனத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஆதரித்தவர்கள் நகைச்சுவையை மெச்சினார்கள். எதிர்த்தவர்கள் ‘துணுக்குத் தோரணம்’ என்று ஒதுக்கினார்கள். இரு சாராருக்கும் உடன்பாடான செய்தி ஒன்று உண்டு: இந்நாடகங்களில் காதுக்கு வேலை அதிகம், கண்ணுக்குக் குறைவு. மயிலாப்பூர், தியாகராய நகர் நடுத்தர வர்க்கத்தின் ரசனையே இதற்குக் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ரசனைக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அந்த மேடை யாருடையது, எத்தனை மணி நேரத்துக்குக் கிடைத்தது என்பது. சபா நாடகத்தின் உருவத்தை முடிவு செய்ததில் அந்த மணிக்கணக்குக்கே முதலிடம் என்பது என் வாதம்.

சிறுவர்களை நடிகர்களாக்கி ஊர் ஊராகச் சென்ற பாய்ஸ் கம்பெனிகளின் நடைமுறையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். டி.கே.எஸ். சகோதரர்களும் நவாப் ராஜமாணிக்கமும் ஓர் ஊருக்குப் போனால் மாதக்கணக்கில் முகாம் போட்டார்கள். கொட்டகை அவர்கள் கைவசம் இருந்தது. படுதாக்கள், தந்திரக் காட்சிக்கான சாதனங்கள், அவற்றை இயக்கப் பழகிய ஆட்கள் எல்லாம் கம்பெனியோடே பயணம் செய்தன. இன்று சரியாக வராத காட்சியை நாளை பகலில் அதே மேடையில் திருத்திக்கொள்ளலாம். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை வேறு வகை. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்த அமைப்பு அது. விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியதிலும், உரைநடை வசனத்துக்கு இடம் தந்ததிலும் பம்மலின் பங்கு பெரிது. விக்டோரியா பப்ளிக் ஹாலில் அவர்கள் ஆடிய நாட்களிலேயே, மறுநாள் காலை அலுவலகம் போக வேண்டிய நடிகர் என்ற புதிய பிறவி தோன்றிவிட்டது. அந்தப் பிறவிக்குப் பின்னாளில் வாய்த்த வீடுதான் சபா.

மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா 1929-இல் தோன்றியது. தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையின் வாணி மஹால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், கிருஷ்ண கான சபா, 1958-இல் பிறந்த நாரத கான சபா என்று வரிசை நீண்டது. இவை முதன்மையாகச் சங்கீதத்துக்கான அமைப்புகள். உறுப்பினர் ஆண்டுச் சந்தா கட்டுவார்; சபா மாதந்தோறும் சில நிகழ்ச்சிகள் தரும்; நாடகம் அவற்றில் ஒன்று. குழுவுக்கு ஒரு தொகை பேசி முடிப்பார்கள். இன்று வாணி மஹால் என்றால் நாளை வேறொரு சபா. ஒரே அரங்கில் வாரக்கணக்கில் ஓடுவது என்ற பேச்சுக்கே இந்த ஏற்பாட்டில் இடமில்லை.

இதன் விளைவுகளை மேடையில் நின்று பார்த்தால்தான் புரியும். வித்வான் உட்கார்ந்து பாடும் மேடைக்கு ஆழம் தேவையில்லை, அகன்ற பக்கத் தட்டிகள் தேவையில்லை, படுதாவை மேலே இழுத்து மறைக்கும் உயரமும் தேவையில்லை. நாடகக் குழுவின் செட் மதியம் வந்து இறங்கும், மாலைக்குள் நிற்கும், இரவே கழற்றி ஏற்றப்படும். ஆகவே செட் தட்டிகளால் ஆன ஒரு வரவேற்பறை: இரண்டு கதவு, ஒரு சன்னல், ஒரு சோபா. ஒளியமைப்பை அந்த மேடையிலேயே முன்கூட்டி ஒத்திகை பார்க்க வழியில்லை என்பதால், பொதுவெளிச்சம், காட்சி முடிந்ததும் விளக்கணைப்பு என்ற இரண்டே நிலைகளில் வேலை முடிந்தது. நடிகர்கள் ஒத்திகை பார்த்ததும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில்தான். கூடத்தில் ஒத்திகை பார்த்த நாடகம் கூடத்தைப் பற்றியதாக அமைந்ததில் வியப்பென்ன?

எல்லாவற்றையும்விட வலுவான சர்வாதிகாரி மைக். மேடையின் முன்பகுதியில் மேலிருந்து தொங்கிய சில மைக்குகளுக்கு அடியில் வந்து நின்றால்தான் கடைசி வரிசைக்குக் குரல் கேட்கும். எனவே முக்கியமான வசனம் உள்ளவர் முன்னே வருவார். பேசி முடித்தவர் ஓரம் ஒதுங்குவார். எல்லோரும் சபையைப் பார்த்தே பேசுவார்கள். முதுகைக் காட்டக் கூடாது என்ற பழைய மேடை மரியாதை இங்கே மின்சாரக் காரணத்தால் சட்டமாகியது. ஓடிக்கொண்டே பேசுவதும் மேடையின் பின்மூலையில் முணுமுணுப்பதும் சாத்தியமில்லை. நின்ற இடத்தில் நின்று, அரங்கு சிரித்து ஓயும் வரை காத்திருந்து, அடுத்ததை எடுத்துவிடும் பாணியை நடிகர்களின் சோம்பல் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அந்த மைக்குக்குக் கீழே நிற்பவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

இந்த வரம்பைத் தெரிந்து, அதையே கருவியாக்கியவர்கள்தான் சபா நாடகத்தின் தேர்ந்த கலைஞர்கள். கணக்காயர் (ஏஜி) அலுவலகத்தில் வேலை பார்த்த கே. பாலசந்தரின் கதைக்களங்களைப் பாருங்கள். ‘நீர்க்குமிழி’க்கு ஒரு மருத்துவமனை, ‘எதிர்நீச்சல்’ நாடகத்துக்குப் பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீடு. கதாபாத்திரங்கள் வேறெங்கும் போக முடியாத இடங்கள் இவை. ‘எதிர்நீச்சல்’ நாயகனான, மாடிப்படிக்கு அடியில் வாழும் மாதுவுக்கு அந்தப் படிக்கட்டு செட்டாகவும் இருக்கிறது, சமூக நிலையாகவும் இருக்கிறது. ‘மேஜர் சந்திரகாந்த்’தில் நாயகனுக்குப் பார்வை இல்லை; எதிரில் இருப்பவரைக் காதால்தான் அறிகிறார். குரலையே நம்பியிருந்த மேடைக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரத்தை யார் கண்டுபிடித்திருக்க முடியும்? பூர்ணம் விஸ்வநாதன் குழு நடித்த சுஜாதாவின் ‘கடவுள் வந்திருந்தார்’ இன்னும் துணிச்சலானது. எதிர்காலத்திலிருந்து ஒருவன் வருகிறான். ஆனால் எந்திரமோ ஒளி ஜாலமோ நாடகத்துக்குத் தேவைப்படவில்லை. பிறர் கண்ணுக்குத் தெரியாத அவனோடு ஓய்வுபெற்ற பெரியவர் பேசுவதையும், அதைக் கண்டு வீட்டார் கலங்குவதையும் வைத்தே அறிவியல் புனைவு அதே வரவேற்பறையில் அரங்கேறிவிடுகிறது.

என் வாதத்துக்கு எதிராக முதலில் நிறுத்தப்படக்கூடியவர் ஆர்.எஸ். மனோகர். ‘இலங்கேஸ்வரன்’, ‘சாணக்கிய சபதம்’ போன்ற அவருடைய நாடகங்களில் பிரமாண்டத்துக்கும் தந்திரக் காட்சிக்கும் குறைவில்லை. சபாக்களிலும் அவை நடந்தன. ஆனால் அவருடைய நேஷனல் தியேட்டர்ஸ் தொழில்முறைக் குழு. அரங்கில் இல்லாததை எல்லாம் தாமே சுமந்து வந்து, இறக்கி, பூட்டி, இயக்கினார்கள். அலுவலகம் முடிந்து ஓடிவரும் அமெச்சூர் குழுவால் அது முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமான சான்று அடையாறில் இருக்கிறது. ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். 1955-இல் ‘சீதா சுயம்வரம்’ முதல் 1970-இல் ‘மகா பட்டாபிஷேகம்’ வரை ஆறு பகுதிகளாக ராமாயண நாட்டிய நாடகங்களைப் படைத்தார். ஒளி, உடையின் நிறம், மேடையின் வெற்றிடம் ஆகியவற்றில் அங்கே காட்டப்பட்ட சிரத்தை சபா நாடகத்தில் காணக் கிடைக்காதது. பிற்பாடு திருவான்மியூர் வளாகத்தில் அப்புக்குட்டன் நாயர் வடிவமைத்த கூத்தம்பலமும் எழுந்தது. பார்வையாளர்கள் ஏறத்தாழ அதே வர்க்கம்தான். மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குப் போகும் வழியில் ரசனை மாறிவிடாது. நாட்டிய நாடகத்தின் மரபு கண்ணுக்குரியது, பேச்சு நாடகத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான தடைதான். ஆனாலும் பள்ளி, குழு, மேடை மூன்றும் ஒரே கையில் இருந்ததால் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் அவகாசம் அங்கே கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நடிகரின் உடலை முன்னிறுத்த முடிந்ததற்கும் முழுநேரப் பயிற்சி என்ற அவகாசம் ஒரு காரணம்.

சட்டமும் வசனத்தின் பக்கமே சாய்ந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து வந்ததாகக் கருதப்படும் 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின்கீழ், பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நாடகக் கலைஞர் ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல்தான் செல்லாதவை என்றது. அதுவரை அரசின் கண்ணில் நாடகம் என்பது தட்டச்சுத் தாளில் இருந்த பேச்சு.

அடுத்து வந்த தொலைக்காட்சி இந்த உருவத்தைச் சிரமமின்றி விழுங்கியது. வரவேற்பறையும் வசனமும் அதற்கு ஆயத்தமாகவே கிடைத்தன. மேடையில் இப்போது பல குழுக்கள் காலர் மைக் அணிகின்றன. நடிகர் எங்கு நின்றாலும் குரல் கேட்கும். ஆனாலும் கோடை நாடக விழாக்களில் பல நாடகங்கள் இன்றும் முன்மேடையில் வரிசை கட்டி நின்றே நடக்கின்றன. சந்தா, ஒரு மாலை வாடகை, இரவே கழற்றும் செட் என்ற ஏற்பாடு மாறாதபோது மைக் மட்டும் மாறியதால் உருவம் மாறவில்லை என்று இதை வாசிக்கலாம். பழக்கம் தன் காரணத்தைத் தாண்டியும் நீடிக்கிறது என்றும் வாசிக்கலாம். எது சரி என்று பிரித்தறிய அச்சான நாடக நூல்கள் உதவா. அவற்றில் வசனம் இருக்கிறது. மைக் எங்கே தொங்கியது, செட்டின் அளவு என்ன, விளக்கு எப்போது அணைந்தது என்ற குறிப்பு அநேகமாக இல்லை. அந்த விவரங்கள் செட் போட்டவர்களிடமும் ஒலி, ஒளி பார்த்தவர்களிடமும் இருக்கின்றன. இதுவரை ஆய்வாளர்கள் பேட்டி கண்டவர்கள் பெரும்பாலும் நாடகாசிரியர்களும் நடிகர்களும்தான்.