சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியா: மாமல்லபுரம் வெண்கலமும் புடாபெஸ்ட் தங்கமும்

சதுரங்க ஒலிம்பியாடு என்பது நாடுகளுக்கிடையே நடைபெறும் குழுப் போட்டியாகும். முதல் ஒலிம்பியாடு 1927-இல் இலண்டனில் நடந்தது. இந்திய அணி முதன்முதலில் கலந்துகொண்டது 1956-இல், மாசுக்கோவில். பொதுப் பிரிவிலும் மகளிர் பிரிவிலும் இந்தியா தங்கம் வென்றது 2024-இல். இடைப்பட்ட காலம் 68 ஆண்டுகள். சதுரங்கம் பிறந்த நாடு என்று பெருமை பேசும் நமக்கு இது நீண்ட காத்திருப்புதான்.

தொடக்க காலத்தில் இந்திய ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளரும் இல்லை, புதிய ஆட்டமுறைகளைச் சொல்லும் நூல்களும் எளிதில் கிடைக்கவில்லை. அந்நிலையிலும் தமிழ்நாட்டின் மானுவல் ஆரோன் 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக வாகையர் மாக்சு ஆய்வேயை வென்றார். அடுத்த ஆண்டே இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டர் ஆனார். 1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார். ஆனந்த் 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆயினும் ஒருவர் உலக வாகையர் ஆவது வேறு, நான்கு பலகைகளிலும் வலுவான அணி அமைவது வேறு. ஆனந்த் ஆடாத 2014 துரோம்சோ ஒலிம்பியாடில்தான் பொதுப் பிரிவில் முதல் பதக்கமாக வெண்கலம் கிடைத்தது.

44-ஆவது ஒலிம்பியாடு உருசியாவில் நடைபெறுவதாக இருந்தது. உக்ரைன் போரால் அது இடம் மாறி, 2022 சூலை-ஆகத்து மாதங்களில் செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தது. வேட்டி சட்டை அணிந்த 'தம்பி' என்ற குதிரை அதன் சின்னம். ஏறத்தாழ நான்கே மாதங்களில் ஏற்பாடுகளை முடித்தது பெரிய செயல்.

பொதுப் பிரிவில் இந்தியாவின் இரண்டாம் அணியே வியப்பளித்தது. 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிசுத்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக நல்ல நிலையில் இருந்தும் நேர நெருக்கடியில் தவறிழைத்துத் தோற்றார். அச்சுற்று 2-2 எனச் சமனில் முடிந்தது. அந்த ஆட்டம் சமனாகியிருந்தாலே இந்தியா 2.5-1.5 என வென்றிருக்கும். தங்கம் உஸ்பெகிசுத்தானுக்குப் போனது, இந்தியாவுக்கு வெண்கலம். மகளிர் முதல் அணியின் நிலை இன்னும் வருத்தமானது. கடைசிச் சுற்று வரை முதலிடத்தில் இருந்து, அமெரிக்காவிடம் 1-3 எனத் தோற்று, அதுவும் வெண்கலத்தோடு நின்றது.

2024 செப்டம்பரில் அங்கேரியின் புடாபெஸ்டில் கணக்கு நேரானது. குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, விதித் குஜராத்தி, அரிகிருஷ்ணா ஆகியோர் 22-க்கு 21 புள்ளிகள் எடுத்தனர். பத்துச் சுற்றுகளில் வெற்றி. சமன் ஒன்றே, அதுவும் அதே உஸ்பெகிசுத்தானுடன். மகளிர் அணி எட்டாம் சுற்றில் போலந்திடம் தோற்றது. பின்னர் மீண்டு, கடைசிச் சுற்றில் அசர்பைசானை 3.5-0.5 என வென்று தங்கம் பெற்றது. அரிகா, வைசாலி, திவ்யா தேசுமுக், வந்திகா அகர்வால், தானியா சச்தேவ் ஆகியோர் அதில் ஆடினர்.

புடாபெஸ்டில் ஆடிய பத்துப் பேரும் மாமல்லபுரத்திலும் இந்தியாவுக்காக ஆடியவர்கள். அவர்களுள் அரிகா 2004 முதல் ஒலிம்பியாடுகளில் ஆடி வருபவர். மாமல்லபுரத்தில் நிறைமாதக் கர்ப்பிணியாகப் பலகை முன் அமர்ந்தவர். தங்கம் அவர் கைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின.