எழுபது வளைவும் ஓர் இரும்புக் கையும்



ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குக் கொல்லிமலை வருவதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக், டயர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள். சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. மெக்கானிக்குகள் 'லோயர் ஆர்ம்' என்பார்கள். வரலாற்று வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டீர்கள், அதன் கதையையும் கேளுங்கள்.

தாத்தா காலத்து வில் வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு, அதன்மேல் இரும்புப் பட்டைகள். நம் நாமக்கல் லாரிகளின் முன்பக்கமும் பெரும்பாலும் அப்படித்தான். பாரத்துக்கு அது பொருத்தம். ஆனால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். காரில் வேகம் கூடக்கூட முன்சக்கரங்கள் உதறும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இதோடு மல்லுக்கட்டியவர் மாரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து போனவர். 1934 காடிலாக்கில் முன் அச்சே இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை.

சென்னைப் பக்கம் 1960களில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் அந்த இரண்டு கைகள்தான். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். சக்கரத்தை மேலும் கீழும் போகவிட்டு, முன்னே பின்னே ஓடாமல் பிடிப்பது கை. கையின் ஒரு முனை ரப்பர் புஷ்ஷில் கதவுக் கீல் போல அசையும். இன்றைய கார்களில் மறுமுனை பால் ஜாயிண்ட்டில் நம் தோள்மூட்டு போலத் திரும்பும்.

பிறகு மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் மேல் கையையே எடுத்துவிட்டார். சாக் அப்சார்பர் தூணே அந்த வேலையையும் பார்த்தது. 1950இல் இங்கிலாந்து ஃபோர்டு கார்களில் வந்த இந்த ஏற்பாடு, 1983 டிசம்பரில் மாருதி 800 மூலம் நம் வீடுகளுக்கும் வந்தது. விலை குறைவு, இடம் மிச்சம். நல்ல யோசனைதான், ஆனால் பக்கத்துக்கு ஒரு கைதான் மிஞ்சியது.

மலை இறங்கும்போது பிரேக்கை அழுத்தியபடி வளைக்கிறீர்கள். வண்டியின் கனம் வெளிப்பக்க முன்சக்கரத்தில் சாய்கிறது, இழுப்பு முழுவதும் அந்தக் கைக்குப் போகிறது. தேய்ந்த பால் ஜாயிண்ட் அங்கே கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பயனில்லை. போன கோடையில் மேலே வந்த என் தங்கை மகன் காரில் பள்ளத்துக்குப் பள்ளம் 'டொக் டொக்' என்று சத்தம். பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. செம்மேட்டிலேயே நிறுத்தச் சொன்னேன். புஷ் கிழிந்திருந்தது.

கிளம்புமுன் வண்டியைத் தூக்கி, கடப்பாரையால் நெம்பி ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அன்னாசிப் பழம் வாங்கி வைக்கிறேன்.