பிழை திருத்தும் இடம்

வட சென்னையின் குடிநீர் வரலாற்றை ஒரு கேள்வியை முன்வைத்து வாசிக்கலாம்: ஒவ்வொரு காலத்திலும் பிழை எங்கே திருத்தப்பட்டது?

ஏழுகிணறு என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1772இல் கேப்டன் பேக்கர் கோட்டைக்கு நீர் வழங்கத் தோண்டியவை பத்துக் கிணறுகள். மூன்று பயன்படாமற்போக, எஞ்சிய ஏழும் ஊர்ப்பெயராயின. பிழை தெரிந்ததும் மண்ணில், திருத்தியதும் மண்ணில்.

மேட்லியின் திட்டப்படி 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் இயங்கத் தொடங்கிய காலத்தில், திருத்தும் இடம் வரைபடத் தாளுக்கு வந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் நீர் பெரும்பாலும் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குத் தன் எடையாலேயே இறங்குகிறது. ஒரு தொட்டியின் மட்டம் மாறினால் அதைத் தொடரும் மட்டங்களும் மாறும். மைக்கோடுகளைக் கத்தியால் சுரண்டி, தாள் தாளாக மீண்டும் வரைய வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சியே கைவிடப்பட்ட நல்ல யோசனைகள் எத்தனையோ!

1963இல் ஐவன் சதர்லண்டு 'ஸ்கெட்ச்பேட்' வழியாகத் திரையில் கோடு வரைந்து காட்டினார். 1982இல் ஆட்டோகேட் மேசைக் கணினிக்கு வந்தது. குழாய், மின்வடம், அடித்தளம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எது எதில் முட்டும் என்பது கடப்பாரை விழுமுன்பே புலப்படும். திருத்தம் மலிவாகிவிட்டது.

எனினும் மீஞ்சூர் நமக்கு வேறொன்றைச் சொல்கிறது. எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளுக்காக அங்கே நிலத்தடி நீர் அளவின்றி இறைக்கப்பட்டது. நன்னீர் தாழ்ந்த இடத்தில், 1960களின் இறுதியிலேயே, கடல்நீர் நிலத்துக்கடியில் உட்புகுந்தது தெரியவந்தது. அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், 2010இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இழுக்கும் கடல்நீரில் பாதிக்கு மேல் இன்னும் அடர்ந்த உவர்நீராகக் கடலுக்கே திரும்புகிறது. நிலம் இலவசமாகத் தந்ததை மின்சாரம் செலவழித்துப் பெறுகிறோம்.

இத்தகைய நிலையத்தின் குழாய்களைத் திரையில் எவ்வளவு துல்லியமாகவும் வரையலாம். ஆனால் அளந்து கொடுத்ததை மட்டுமே திரை அறியும். நிலத்தடியில் நகரும் உப்பு எல்லைக்கு எந்த அடுக்கில் இடம் தந்தோம்? கிணற்று நீரைக் குடிப்பவரின் நாக்கு அதை முதலில் அறியும். அவரிடம் கேட்டு, ஆண்டுதோறும் அளந்து, அந்தக் கோட்டையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டும். இல்லையேல், பத்தில் மூன்று கிணறுகளை இழந்த 1772ஆம் ஆண்டிலேயே நாம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.